பழைய ஆண்கள் சென்ட் போத்தல்: திறப்பதிலிருந்து பூசுவது வரை முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் பல வீட்டு அலுமாரிகளில் இப்படியொரு போத்தல் கிடக்கும். மத்திய கிழக்கிலிருந்தோ கப்பல் வேலையிலிருந்தோ வந்தவர் கொண்டுவந்து, நல்லநாள் பெருநாளுக்கென்று எடுத்துவைத்து, பிறகு மறந்துபோனது. தேசிக்காய், தோடம்பழத் தோல் வாசம் முதலில் வரும். நடுவில் மல்லிகையும் தோடம்பூவும். அடியில் வனிலாவும் சாம்பிராணியும் கலந்த இனிப்பான அம்பர். கெர்லானின் அபி ரூஜ் (1965) இந்தக் குடும்பத்துக்கு நல்ல உதாரணம். டியோரின் ஓ சவாஜ் (1966) அம்பர் குறைந்து மல்லிகை தூக்கலாக இருக்கும் பக்கம்.

புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, எடுத்த கையோடு கழுத்தில் அடித்துக்கொள்வது. மற்றது, முதல் நிமிடம் தின்னர் மாதிரி மணந்ததும் "பழுதாப்போச்சு" என்று ஊற்றிவிடுவது. இந்த வகைச் சென்டில் முதலில் கெடுவது தேசி, தோடை மணக்கும் சிட்ரஸ் பகுதிதான். அடியிலுள்ள அம்பர் பல பத்தாண்டுகள் தாங்கும். முதல் பத்து நிமிடம் கெட்டிருந்தாலும் அதன் பின் வரும் பல மணிநேரம் நன்றாக இருக்கலாம். ஆகவே கண், கடதாசி, தோல் என்ற ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. தொடங்க முன் எடுத்துவைக்க வேண்டியவை

தடித்த வெள்ளைக் கடதாசி. சித்திரக் கொப்பித் தாள் போதும். 1 சென்ரிமீற்றர் அகலம், 12 சென்ரிமீற்றர் நீளத்தில் பத்துத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பளபளப்பான தாள் சென்டை உறிஞ்சாது. புதினத்தாளில் மை மணக்கும்.

ஸ்பிரே மூடியுள்ள 5 அல்லது 10 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல்கள். இறப்பர் தலை இல்லாத, முழுக்கப் பிளாஸ்ரிக்கிலான 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று, கூரில்லாத ஊசியோடு. இறப்பர் தலை அற்ககோல் பட்டால் ஊதும், தன் மணத்தையும் விட்டுவிடும். பாமசியில் ஐசோபுரோபைல் அற்ககோல் ஒரு சிறு போத்தல் வாங்குங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம். அதில் சிலவற்றுக்கு நோவெண்ணெய் போல மணக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அந்த மணம் போத்தலை விட்டுப் போகவே போகாது.

ஹாட்வெயார் கடையில் பைப் பொருத்துவோர் சுற்றும் வெள்ளை டெஃப்லோன் ரேப் ஒரு சுருள். இவற்றோடு ரோர்ச், அழியாத பேனை, ஒரு கொப்பி.

நேரம் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில். கச்சான் என்ற சூட்டுக் காற்று வீசத் தொடங்கிய பின் அறை சூடேறிவிடும், சிட்ரஸ் பகுதி மூக்கைத் தொட முன் பறந்துவிடும். சாம்பிராணி போட்ட அறையிலோ, மீன் பொரிக்கும் நேரத்திலோ மணந்து பார்க்க உட்காராதீர்கள். ஃபானை நிறுத்துங்கள். விளக்கு, நுளம்புத்திரி, சிகரெட் எதுவும் கிட்ட இருக்கக்கூடாது. இந்தத் திரவத்தில் பெரும்பகுதி அற்ககோல். அதன் ஆவி நமது அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும்.

2. ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள்

எடுத்தவுடன் குலுக்காதீர்கள், கழுவாதீர்கள். படுத்துக் கிடந்த போத்தலில் மண்டி பக்கத்தில் ஒட்டியிருக்கும். நிமிர்த்தி ஒரு நாள் விட்டால் அது அடியில் இறங்கும், மேலே தெளிவான திரவம் நிற்கும். குலுக்கினால் மண்டியோடு காற்றும் கலக்கும். கழுவினால் லேபலும் அடியிலுள்ள எண்ணும் போய்விடும்; வயதைச் சொல்வது அவைதான்.

3. வயதைப் பெட்டியில் படியுங்கள்

ஐரோப்பியப் பெட்டியில் உள்ளடக்கப் பட்டியலே இல்லாவிட்டால் அது பெரும்பாலும் 1990களின் பிற்பகுதிக்கு முந்தியது. பட்டியல் இருந்து, அதில் லினலூல், லிமொனீன், சிட்ரால் என்று ஒவ்வாமைப் பொருட்கள் பெயர் பெயராக வந்தால் 2005 அல்லது அதற்குப் பின். அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து 26 பொருட்களைப் பெயர் சொல்லிக் காட்டவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது.

போத்தல் அடியில் உள்ள தொகுதி எண்ணை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்லாதீர்கள். சில கொம்பனிகள் அதே எண் வரிசையைச் சில வருடங்களுக்குப் பின் திரும்பவும் பாவிக்கும். 1985 என்று நினைப்பது 1995 ஆகவும் இருக்கலாம். பெட்டி, லேபல், எண் மூன்றும் ஒத்துப்போனால்தான் கணக்கு.

வயது தெரிவது வெறும் ஆசைக்காக அல்ல. பழைய சென்ட்களில் உள்ள பேர்கமொட் என்ற சிட்ரஸ் பழத்தின் எண்ணெயும் ஓக் மரப்பாசிச் சாறும் இன்றைய கட்டுப்பாடுகளுக்கு முந்தியவை. எட்டாம் படியில் அதற்கு வேலை இருக்கிறது.

4. நிறம், அளவு, கலங்கல்

போத்தலை வெள்ளைக் கடதாசிக்கு முன் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தேன் நிறம், வெளிர்த் தேநீர் நிறம் பயப்படவேண்டியதல்ல. வனிலின் காலத்தோடு கபிலமாகும். தோடம்பூ வாசத்துக்குச் சேர்க்கும் பொருட்களும் ஒன்றோடொன்று சேர்ந்து செம்மஞ்சளாகும். நிறத்தை வைத்து வாசத்தைத் தீர்மானிப்பது பொதுவான பிழை. கறுத்த போத்தலில் அருமையான அம்பரும், தெளிந்த போத்தலில் செத்த வாசமும் இருக்கலாம்.

கலங்கலாக இருந்தால் ஏசி இல்லாத அறையில் இரண்டு மணிநேரம் விடுங்கள். தெளிந்தால் குளிரில் உறைந்த மெழுகுப் பகுதிதான், பரவாயில்லை. தெளியாமல் பால் போலவே நின்றால் யாரோ தண்ணீர் கலந்திருக்கலாம், அல்லது அற்ககோல் பறந்துபோயிருக்கலாம். அதைத் தோலுக்குப் பாவிக்கவேண்டாம்.

திறக்காத போத்தலிலும் அளவு குறைந்திருக்கும். கழுத்து வரை இருக்கவேண்டியது தோள்பட்டை வரை இறங்கியிருந்தால் சாதாரணம். பாதிக்குக் கீழே போயிருந்தால் உள்ளே காற்று அதிகம், சிட்ரஸ் மிஞ்சியிருக்காது. அம்பருக்காக மட்டும் எடுத்துப் பாருங்கள்.

5. திறத்தல்

ஊற்றிப் பூசும் போத்தலில் மூடி இறுகியிருக்கும். திருகு புரிகளுக்கிடையில் கசிந்த சென்ட் காய்ந்து பிசினாகி ஒட்டியிருப்பதே காரணம். மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஐசோபுரோபைல் இரண்டு துளி விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு, கை தாங்கும் சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடியில் மட்டும் ஒரு நிமிடம் சுற்றுங்கள். மூடி சற்று விரிந்து கொடுக்கும். இறப்பர்க் கையுறை போட்டு மெதுவாகத் திருகுங்கள். வராவிட்டால் திரும்பவும் துளி, திரும்பவும் பொறுமை.

குறடு பிடிக்காதீர்கள். கொதிநீரில் வைக்காதீர்கள். குறட்டால் கழுத்து உடையும். கொதிநீரில் உள்ளே ஆவி அழுத்தி, பழைய கண்ணாடி வெடிக்கும்.

ஸ்பிரே போத்தலானால் முதல் ஐந்து அழுத்தலை ரிசுவில் விட்டு எறியுங்கள். குழாயில் வருடக்கணக்காகப் பிளாஸ்ரிக்கோடு நின்ற திரவம் அது. போத்தலின் உண்மையான வாசம் அதில் வராது. ஸ்பிரே அடைத்திருந்தால் மேல் பொத்தானை மட்டும் கழற்றி ஐசோபுரோபைலில் கால் மணிநேரம் ஊறவிடுங்கள். கீழே உலோக வளையம் நசித்துப் பூட்டியிருக்கும். நம்முடைய கடற்காற்றில் அது அரித்து வெள்ளை பூத்திருந்தால் கத்தியால் நெம்பாதீர்கள். வளையத்துக்கு முன் கண்ணாடிதான் உடையும். பழைய வாயு அடைத்த தகர ஸ்பிரேயானால் துளைக்கவும் வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம்.

6. கடதாசியில் மணந்து பார்த்தல்

அதிக நேரம் எடுக்கும் படிகளில் இது ஒன்று. எடுக்கவும் வேண்டும்.

துண்டின் நுனியில் ஒரு துளி, அல்லது ஒரு கை தூரத்திலிருந்து ஒரு ஸ்பிரே. மறுநுனியில் நேரத்தை எழுதுங்கள். ஈரம் மஞ்சளாகப் பரவும். நுனி காய்ந்து அதன் ஓரத்தில் மட்டும் மெல்லிய கபிலக் கோடு நிற்கும் வரை, ஏறக்குறைய அரை நிமிடம், மூக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அதற்குள் மணப்பது அற்ககோல் மட்டுமே.

இனி 1 நிமிடம், 10 நிமிடம், 30 நிமிடம், 2 மணிநேரம், 6 மணிநேரம், மறுநாள் காலை என்று மணந்து கொப்பியில் எழுதுங்கள்.

முதல் நிமிடத்தில் தின்னர், கியூட்டெக்ஸ் ரிமூவர், பழைய தோல் எண்ணெய் போல மணந்தால் சிட்ரஸ் பகுதி ஒட்சியேறியிருக்கிறது. தேசி, தோடை, பேர்கமொட் எல்லாவற்றிலும் உள்ள லிமொனீன் காற்றுப் பட்டால் மாறும் இயல்புள்ளது. 10 நிமிடத்தில் அந்த மணம் ஓய்ந்துவிட்டால் இழப்பு மேற்பகுதியோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

10 முதல் 30 நிமிடம் பூக்களின் நேரம். மெல்லிய, காற்றோட்டமான மல்லிகை தெரிந்தால் அது பெரும்பாலும் ஹெடியோன் என்ற பொருளின் வேலை, நன்றாகத் தாங்கும். நப்தலீன் உருண்டை மாதிரி ஒரு சாயல் வந்தால் குழம்பவேண்டாம். இயற்கை மல்லிகையிலும் தோடம்பூவிலும் உள்ள இன்டோல் அப்படித்தான் மணக்கும். ஆனால் நம் அலுமாரிகளில் உண்மையான நப்தலீன் உருண்டைகளும் கிடக்கும். பெட்டியின் உட்புறத்தைத் தனியே மணந்து பாருங்கள். பெட்டியில் இருந்தால் அது அலுமாரியின் மணம். பெட்டியில் இல்லாமல் துண்டில் மட்டும் இருந்தால் பூவின் மணம்.

2 மணிநேரத்துக்குப் பின் அம்பர். வாசனைத் தொழிலில் அம்பர் என்பது கல்லாக இறுகிய மரப்பிசினும் அல்ல, திமிங்கிலத்திலிருந்து வரும் பொருளும் அல்ல. சிஸ்டஸ் என்ற செடியிலிருந்து வரும் லப்டனம் பிசின், சாம்பிராணி வகைப் பிசின், வனிலா மூன்றும் சேர்ந்த ஒரு கலவை. இளஞ்சூடாக, இனிப்பாக, கொஞ்சம் தோல் மணத்தோடு இருக்கவேண்டும். காறிய எண்ணெய், நனைந்த மட்டை, வினாகிரி போலப் புளித்த மணம் இரண்டு மணிநேரம் கழிந்தும் நின்றால் அடியே கெட்டுவிட்டது.

மூக்கு களைத்தால் கோப்பிக் கொட்டையைத் தேடாதீர்கள். அதுவும் கடுமையான ஒரு வாசமே. வெளியே போய் இரண்டு நிமிடம் நில்லுங்கள், அல்லது உங்கள் முழங்கை மடிப்பை மணந்து பாருங்கள். ஒரு காலையில் மூன்று போத்தலுக்கு மேல் பார்க்கவேண்டாம். நான்காவதைப் பற்றி நீங்கள் எழுதுவதை நம்பமுடியாது.

7. தீர்ப்பு

மூன்று பகுதியும் சரியானால் தோல் சோதனைக்குப் போங்கள். மேற்பகுதி மட்டும் கெட்டு, பூவும் அம்பரும் நன்றானால் தோலில் முயன்று பார்க்கலாம், ஆனால் சேட்டின் உட்புறத் துணியிலே பூசுவதே பாதுகாப்பு. அடி கெட்டிருந்தால் பன்னிரண்டாம் படி.

8. தோல் சோதனையும் வெயிலும்

ஒட்சியேறிய லிமொனீனும் லினலூலும் புதியவற்றைவிட அதிகமாக ஒவ்வாமை தரும். பழைய ஓக் மரப்பாசிச் சாற்றிலுள்ள அட்ரனோல், குளோரோஅட்ரனோல் என்பவற்றை ஐரோப்பிய ஒன்றியம் இன்று தடைசெய்திருக்கிறது. பழைய போத்தலில் அவை இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே தொடங்குங்கள்.

முழங்கை மடிப்புக்குக் கீழே, உட்கையில், ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில் ஒரு துளி. காலையும் மாலையும், ஏழு நாள், அதே இடத்தில். ஒரே நாள் பூசிப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று விடுவது பிழை, ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்தே முகம் காட்டும். சொறி, சிவப்பு, சிறு கொப்புளம் எது வந்தாலும் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிறுத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் ஸ்பிரேயை வெளியே வைத்து அடியுங்கள். ஏற்கெனவே சென்ட், கிரீம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தச் சோதனையையும் செய்யவேண்டாம்.

அடுத்தது வெயில். திருகோணமலைக்காரருக்கு இதுவே பெரிய விஷயம். பழைய பேர்கமொட் எண்ணெயில் பேர்கப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் எரிந்தது போலச் சிவந்து, பிறகு கபிலத் தழும்பாகும். கழுத்தில் ஊற்றிய சென்ட் வழிந்த தடத்திலேயே, தொங்கட்டான் மாதிரி நீண்ட அடையாளம் விழும். மறைய மாதங்கள் எடுக்கும். இன்றைய சென்ட்களில் பேர்கப்டெனை நீக்கிய எண்ணெயையோ அளவு கட்டுப்படுத்திய எண்ணெயையோ பாவிக்கிறார்கள். பழையதில் அந்தக் கட்டுப்பாடு இருந்திருக்காது.

ஆகவே பழைய சிட்ரஸ் சென்டைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் பூசிக்கொண்டு பகலில் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக்குப் போகவே கூடாது. உடுப்பு மூடும் இடத்தில் பூசுங்கள், அல்லது இருட்டிய பின் பூசுங்கள். காலையில் பூசிவிட்டு மத்தியானம் சேட்டைக் கழற்றிக் கடலில் இறங்கினாலும் அதே கதைதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழையையும் சொல்லவேண்டும். மேல்வாசனை போய்விட்டது என்று சிலர் தேசிக்காய்த் தோலைக் கையில் தேய்த்து, அதன்மேல் சென்டைப் பூசுவார்கள். தேசித் தோலின் எண்ணெயும் வெயிலில் இதே தழும்பைத் தரும். இரண்டும் சேர்ந்தால் இரட்டை.

9. சின்னப் போத்தலுக்கு மாற்றுதல்

100 மில்லிலீற்றர் போத்தலை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகும். ஊற்றிப் பூசும் போத்தலில் விரலும் படும். அதனால் பாவனைக்கு 5 அல்லது 10 மில்லிலீற்றரைத் தனியே எடுத்து, பெரியதைத் தொடாமல் விடுவதே வழி.

சின்னப் போத்தலைத் தண்ணீரால் கழுவாதீர்கள். ஒரு துளி தங்கினாலும் கலங்கும். ஐசோபுரோபைல் 1 மில்லிலீற்றர் விட்டுக் குலுக்கி, ஸ்பிரே வழியாகவும் இரண்டு தரம் அடித்து, ஊற்றிவிட்டு, திறந்தபடி ஒரு இரவு காயவிடுங்கள். காலையில் மணந்து பாருங்கள். ஒன்றும் மணக்கக்கூடாது.

சிரிஞ்ச் ஊசியைத் திரவத்தின் நடு ஆழத்தில் வைத்து மெதுவாக இழுங்கள். அடியைத் தொடாதீர்கள், மண்டி எழும்பும். கடைசி 3 மில்லிலீற்றரை அங்கேயே விட்டுவிடுங்கள். கோப்பி வடிதாளில் வடிக்க நினைக்கவேண்டாம். தாள் குடிப்பதும் பறப்பதும் சேர்ந்து, மண்டியைவிட அதிக இழப்பு. 10 மில்லிலீற்றர்ப் போத்தலில் 9.5 வரை நிரப்புங்கள். காற்று குறைவாக இருக்கவேண்டும், ஆனால் சூட்டில் திரவம் விரிய அந்தச் சிறு இடமும் வேண்டும். இல்லாவிட்டால் கச்சான் காலத்தில் கழுத்தால் கசியும்.

பெரிய போத்தலின் கழுத்துத் திருகு புரியில் டெஃப்லோன் ரேப்பை மூடி திருகும் திசையிலேயே மூன்று சுற்றுச் சுற்றி மூடுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் மூடும்போது ரேப் சுருண்டு மேலே வந்துவிடும். சின்னப் போத்தலில் பெயரையும் மாற்றிய திகதியையும் எழுதுங்கள்.

10. வைக்கும் இடம்

சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் எதிரி. நம் ஊரில் முதலாவதுதான் கொடியது. கச்சான் மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தொடும். தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரி மேல்தட்டில், அதற்கும் மேல். மேற்குச் சுவரோடு ஒட்டிய அலுமாரியின் மேல்தட்டைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை. பலர் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

உள்ளறை, அடித்தட்டு, சொந்தப் பெட்டிக்குள். அதையும் சுத்தமான ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தால் பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பம் ஏறி இறங்குவது குறையும். மீன் வைத்த பெட்டி வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும். குளியலறையும் கண்ணாடி மேசையும் வேண்டாம்.

பிரிட்ஜ் நல்லதா என்று எல்லோரும் கேட்பார்கள். கதவுத் தட்டு கூடாது. திறக்கத் திறக்கச் சூடு மாறும். மரக்கறித் தட்டில், சிப் பூட்டுள்ள பையில் இறுக்கி, அடிக்கடி எடுக்காத பெரிய போத்தலை மட்டும் வைக்கலாம். வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கவேண்டாம், வியர்த்த தண்ணீர் லேபலை உரித்துவிடும். தினமும் பாவிக்கும் சின்னப் போத்தலுக்கு அலுமாரி அடித்தட்டே போதும்.

11. பூசுதல்

குளித்து, நன்றாகத் துடைத்து, உடம்பு ஆறிய பின். வியர்வை மேல் அடித்தால் சிட்ரஸ் உடனே பறந்து, அம்பர் மட்டும் தடிப்பாக நிற்கும்.

நெஞ்சில் ஒரு ஸ்பிரே, வயிற்றுக்கு மேல் ஒரு ஸ்பிரே. இரண்டே போதும். குளிர்நாட்டுக்காரர் நான்கு ஐந்து அடிப்பதை இங்கே பின்பற்றினால் கோயில் மண்டபத்தில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலையிடிக்கும். இரண்டு நிமிடம் பொறுத்துச் சேட்டைப் போடுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டின் வெளிப்புறத்தில் அடிக்காதீர்கள். நான்காம் படியில் சொன்ன அதே கபில நிறம் துணியில் ஏறி, தோய்த்தாலும் போகாது.

சிட்ரஸ் செத்த போத்தலுக்கு ஒரு வழி உண்டு. புதிய, எளிய சிட்ரஸ் கொலோன் ஒன்றைச் சேட்டின் உள் விளிம்பில் ஒரு தரம் அடித்து, பழையதை நெஞ்சில் பூசுங்கள். முதல் இருபது நிமிடம் புதியதன் தேசி மணம், அது இறங்க இறங்கப் பழையதன் பூவும் அம்பரும். ஆனால் சிட்ரஸ் எண்ணெய் வாங்கிப் பழைய போத்தலுக்குள் துளி விடவே விடாதீர்கள். விட்டதைத் திரும்ப எடுக்கமுடியாது, புது எண்ணெயும் சில மாதத்தில் அதே தின்னர் மணமாகும்.

நேரம் என்றால், மழைக்காலத்து மாலைதான் என் தெரிவு. கார்த்திகை, மார்கழியில் காற்று ஈரமாகவும் குளிராகவும் இருக்கும்போது அம்பர் மெதுவாக, கிட்ட வருபவருக்கு மட்டும் மணக்கும்.

12. அடி கெட்ட போத்தல்

கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், அடுப்புக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். முற்றத்தில், பிள்ளைகளும் நெருப்பும் இல்லாத நிழலில், ஒரு பழைய தகரத்தில் மணலைப் போட்டு அதில் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். அற்ககோல் பறந்துவிடும். மணலைக் கட்டிக் குப்பையில் போடலாம். போத்தலைக் கழுவாமல், மூடி திறந்தபடி ஒரு கிழமை காயவிட்டு, சேட்டுகளுக்கிடையில் வைத்துப் பாருங்கள். திரவம் போன பின் கண்ணாடியில் மிஞ்சும் அம்பர் சில போத்தல்களில் சுத்தமாக மணக்கும். புளித்தே மணந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.